பழைய பாணி பிக்ஸெல் எழுத்துருவைப் பயன்படுத்துவது எப்படி?

எங்கள் தெரு மாணவர்கள் பழைய கம்ப்யூட்டர்களை வைத்து ஒரு சிறிய கண்காட்சி நடத்தினார்கள். நோட்டீஸ் தயாரித்துத் தரும் வேலை என்னிடம் வந்தது. கண்காட்சிக்குப் பொருத்தமாக இருக்கட்டுமே என்று, கட்டம் கட்டமாகத் தெரியும் ஓர் ஆங்கில பாண்ட்டை டவுன்லோட் செய்து, தலைப்பு, முகவரி, போன் எண் எல்லாவற்றையும் அதிலேயே அமைத்தேன். அதைப் படமாகச் சேமித்து, வேர்டில் மவுஸால் இழுத்துப் பெரிதாக்கி, ஜெராக்ஸும் எடுத்தாயிற்று. ஒட்டிய பிறகுதான் தெரிந்தது, எண்ணில் இருந்த 3 எல்லாம் 8 போலத் தெரிகிறது என்று. இரண்டு நாட்கள் யாரோ ஒருவர் வீட்டு போன் ஓயாமல் அடித்திருக்கிறது. அவர் முகவரி தேடி நேரிலேயே வந்துவிட்டார். தவறு எழுத்துருவில் இல்லை. அதன் கணக்கு தெரியாமல் பயன்படுத்திய என்னிடம்தான்.

அந்தக் கணக்கைப் பார்ப்போம். எழுத்தின் முனைகளில் நீட்டிக் கொண்டிருக்கும் சிறு கால்களுக்கு செரிப் என்று பெயர். டைம்ஸ் நியூ ரோமனில் இவை உண்டு, ஏரியலில் இல்லை. இந்தக் கால்களையும் சேர்த்து, சதுரப் புள்ளிகளாலேயே வரைந்த எழுத்துதான் பிக்ஸெல் செரிப்.

ஒரு கட்டம் போட்ட நோட்டை எடுத்துக் கொள்ளுங்கள். ஆங்கிலச் சிறிய எம் எழுத்தை வரைய வேண்டும். செரிப் இல்லை என்றால் மூன்று கோடுகள், நடுவே இரண்டு இடைவெளிகள். அகலம் 5 கட்டம் போதும். ஒவ்வொரு கோட்டின் அடியிலும் இருபுறமும் ஒரு கட்டம் நீட்டினால்? ஒரு கால் 3 கட்டம், மூன்று கால்களுக்கு 9, இடைவெளி 2. ஆக 11 கட்டம்! அதனால்தான் வடிவமைப்பவர்கள் உட்புறம் உள்ள சில செரிப்களை வெட்டி விடுவதுண்டு. இவ்வளவு சிரமம் எதற்கு என்கிறீர்களா? செரிப் இல்லாத பல எழுத்துருக்களில் பெரிய ஐ, சிறிய எல், எண் 1 மூன்றும் வெறும் குச்சியாகத் தெரியும். கால் வைத்தால் அடையாளம் தெரிந்துவிடும்.

1984ல் வெளியான ஆப்பிள் மேக்கின்டோஷ் கம்ப்யூட்டரில் இதற்கு நல்ல உதாரணம் இருந்தது. அதன் திரையில் 512க்கு 342 புள்ளிகள்தான். ஒவ்வொன்றும் கறுப்பு அல்லது வெள்ளை, சாம்பல் நிறம் கிடையாது. அதற்குள் எழுத்துகளை வரைந்தவர் சூசன் கேர் என்ற பெண்மணி. மெனுக்களுக்கு சிகாகோ, கட்டுரை எழுத நியூயார்க். இதில் நியூயார்க்தான் செரிப் வகை. முதலில் பிலடெல்பியா பக்கத்து ரயில் நிலையங்களின் பெயர்களைத்தான் வைத்திருந்தார்கள். வைப்பதானால் உலகப் புகழ் பெற்ற நகரங்களின் பெயர்களை வையுங்கள் என்றாராம் ஸ்டீவ் ஜாப்ஸ். (2019ல் ஆப்பிள் வெளியிட்ட நியூயார்க் வேறு எழுத்துரு, பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்.)

அந்த மேக் திரையில் ஓர் அங்குலத்திற்கு 72 புள்ளிகள். ஒரு பாயிண்ட் என்பதும் அங்குலத்தில் 72ல் ஒரு பங்கு. எனவே 12 பாயிண்ட் என்றால் 12 புள்ளி, குழப்பமே இல்லை. விண்டோஸ் கணக்கு 96. இங்கே 12 பாயிண்ட் என்பது 16 புள்ளி. நீங்கள் இறக்கிய எழுத்துரு 16 புள்ளிக்கு வரையப்பட்டது என்றால் 12, 24, 36 பாயிண்ட்டில் மட்டும் வையுங்கள். நான் வைத்தது 11. புள்ளிகள் கட்டத்தில் சரியாக உட்காராமல் ஓரங்கள் மங்கிவிட்டன. டிஸ்பிளே ஸ்கேலிங் 125 சதவீதத்தில் இருந்தால் இந்தக் கணக்கும் மாறிவிடும். எனவே வேர்டை நம்பாமல், இலவசமாகக் கிடைக்கும் கிம்ப் போன்ற படத் தொகுப்பில் பாயிண்ட்டை விட்டுவிட்டு பிக்ஸெல் அளவிலேயே 16, 32, 48 என அமைப்பது நல்லது. டெக்ஸ்ட் டூலில் ஆன்டிஏலியாசிங் என்பதற்கு எதிரே உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். படத்தைப் பெரிதாக்கும்போது இன்டர்போலேஷன் என்ற இடத்தில் நன் என்பதைத் தேர்ந்தெடுத்து, 2 மடங்கு, 3 மடங்கு என முழு மடங்காகவே பெரிதாக்க வேண்டும். ஜேபெக் ஆக சேமிக்காதீர்கள், எழுத்தைச் சுற்றி அழுக்குப் படிந்தது போல ஆகிவிடும். பிஎன்ஜி ஆக சேமித்திடுங்கள்.

தலைப்பு, விளையாட்டுத் திரை, பிறந்த நாள் வாழ்த்து இவற்றுக்கெல்லாம் இந்த எழுத்து அருமையாக இருக்கும். ஒரு பக்கம் முழுக்க அமைத்தால் கண் வலிக்கும். போன் எண்ணை மட்டும் தயவு செய்து சாதாரண எழுத்துருவில் போடுங்கள். 3க்கும் 8க்கும் இடையே இருப்பது ஓரிரு புள்ளிகள்தானே!

பயன்படுத்தும் முன், சிப் பைலை விரித்ததும் அதனுடன் வரும் ரீட்மீ பைலைப் படியுங்கள். எத்தனை புள்ளிக்கு வரையப்பட்டது, சொந்த உபயோகத்திற்கு மட்டுமா என்பதெல்லாம் பெரும்பாலும் அதில் இருக்கும். பிறகு பாண்ட் பைலில் ரைட் கிளிக் செய்து இன்ஸ்டால் கொடுத்தால் போதும். இவற்றில் பெரும்பாலானவற்றில் தமிழ் எழுத்துகள் இல்லை. தமிழில் டைப் செய்தால் விண்டோஸ் தானாகவே நிர்மலா போன்ற வேறு எழுத்துருவுக்கு மாறிவிடும். எங்கள் நோட்டீஸில் தமிழ் வரிகள் மட்டும் தெளிவாக இருந்ததன் ரகசியம் இதுதான்.