விசில் கேட்டால் நின்றுவிடு

அன்புள்ள தம்பிக்கு,

மார்கழிக் குளிரில் மலையேறி ஓநாய் வேட்டையைப் படம் பிடிக்க வேண்டும், என்னென்ன எடுத்து வைக்கட்டும் என்று கேட்டிருக்கிறாய். முதலில் பெயரைத் திருத்திக்கொள்வோம். பரம்பிக்குளத்திலும் மூணாறு மலைகளிலும் கூட்டமாக ஓடி மான் அடிப்பது செந்நாய். ஓநாய் வறண்ட வெட்டவெளியின் பிராணி, ஆட்டுக்கிடைகளைச் சுற்றித் திரிவது. ஓநாய்க்கும் நம் தெருநாய்க்கும் கீழ்த்தாடையில் பக்கத்துக்கு மூன்று கடைவாய்ப்பல், செந்நாய்க்கு இரண்டுதான். செந்நாய் ஓநாய் மாதிரி ஊளையிடாது, விசிலடித்துத் தன் கூட்டத்தைக் கூப்பிடும்.

இந்த மலைகளுக்கு ஒரு காலத்தில் துப்பாக்கியோடு வந்தார்கள். மூணாறு மலையில் இன்று 97 சதுர கிலோமீட்டர் தேசியப் பூங்காவாக இருக்கும் இரவிகுளம், தோட்டத் துரைமார்களின் வேட்டைக்காடு. கடமானையும் வரையாட்டையும் தாங்கள் சுடுவதற்காகக் காத்து வைத்தவர்களுக்குச் செந்நாய் திருடன். அதைக் கொன்று காட்டினால் பிரிட்டிஷ் அரசாங்கம் சன்மானம் கொடுத்தது. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நாங்குநேரியில் பிறந்து சிவகாசியில் கல்லூரி ஆசிரியராக இருந்த ஏ.ஜே.டி. ஜான்சிங், 1976 முதல் 1978 வரை பந்திப்பூரில் செந்நாய்களின் பின்னால் நடந்து அவற்றின் வாழ்க்கையை எழுதினார். காமிராவைத் தொடுவதற்கு முன் அவரைப் படி. உலகம் முழுக்க இனப்பெருக்க வயதில் உள்ள செந்நாய்கள் 2,500ஐத் தாண்டாது என்கிறது பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் கணிப்பு.

வழியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பரம்பிக்குளம் பாலக்காடு மாவட்டம்தான், ஆனால் சாலை தமிழ்நாட்டு வழியாகத்தான் போகிறது: பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்சிலிப், அப்புறம் ஆனப்பாடி சோதனைச்சாவடி. இரவிகுளத்தில் பொதுமக்கள் ராஜமலை வரைதான் போக முடியும். வரையாடு குட்டி போடும் பிப்ரவரி, மார்ச் வாக்கில் அதையும் மூடிவிடுவார்கள். உள்ளே கால்நடையாகப் போக வனத்துறை அனுமதியும் கூட வர ஒரு வாட்சரும் வேண்டும். இந்த இரண்டும் இல்லாமல் கிடைக்கும் படம் எனக்கு வேண்டாம், உனக்கும் வேண்டாம்.

குளிரைப் பற்றிக் கேட்டாய். மூணாறு புல்வெளியில் டிசம்பர், ஜனவரி விடியலில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். பேட்டரியைச் சட்டையின் உள்பையில் உடம்புச் சூட்டோடு வைத்துக்கொள். வெளியே வைத்தால் பாதி நேரத்தில் தீர்ந்துவிடும். வெளியே இருந்து அறைக்குத் திரும்பும்போது காமிராவைப் பிளாஸ்டிக் பையில் போட்டு வாயைக் கட்டி, ஒரு மணி நேரம் தொடாமல் விடு. அவசரப்பட்டுத் திறந்தால் லென்ஸின் உட்பக்கம் வேர்த்துவிடும். பளிச்சென்ற நிறத்தில் ஸ்வெட்டர் வேண்டாம். பயப்பட வேண்டியது செந்நாய்க்கு அல்ல, மூடுபனியில் பத்தடிக்கு முன்னால் சத்தமில்லாமல் நிற்கும் யானைக்கு. வாட்சர் கை உயர்த்தினால் ஏன் என்று கேட்காமல் நின்றுவிடு.

இனிமேல் சொல்வதுதான் முக்கியமான தயாரிப்பு. தடங்கள் கூடும் முச்சந்தியில் குனிந்து பார். செந்நாய்க் கூட்டம் அங்கேதான் ஓரிடமாக எச்சம் போடும். நேற்றையது கறுப்பாக ஈரத்தோடு இருக்கும், போன வாரத்தது வெளிறிப்போய் உதிரும். குச்சியால் பிரித்தால் மயிர்தான் அதிகம். முரட்டு மயிராக இருந்தால் பெரும்பாலும் கடமான். வெறுங்கையால் தொடாதே, அதில் ஒட்டுண்ணிப் புழுக்களின் முட்டை இருக்கும். கால்தடத்தில் நகக்குறி பதிந்திருந்தால் சிறுத்தை இல்லை. ஆனால் எஸ்டேட் லயத்து நாயின் தடமும் அப்படியேதான் இருக்கும், அதனால் தடத்தை மட்டும் நம்பி முடிவு கட்டாதே. இதையெல்லாம் படிக்கத் தெரிந்தவர்கள் அந்தந்தக் காட்டுப் பழங்குடிகள்: பரம்பிக்குளத்தில் காடர், மலசர், இரவிகுளத்தில் முதுவான். நான் பத்து நிமிஷம் உற்றுப் பார்த்தும் புரியாததை அவர்கள் நடந்துகொண்டே படிப்பார்கள். அண்ணா என்று கூப்பிடு. அவர்கள் சொல்வதை நோட்டில் எழுது, அவர்கள் சொன்னது என்றே எழுது.

குளிர்காலத்தை ஏன் கேட்டாய் என்று தெரியும்: வெளிச்சம் சுத்தமாக இருக்கும், தடம் தெளிவாகப் பதியும், அட்டை குறைவு. ஆனால் செந்நாய் குட்டி போடுவதும் இந்த மாதங்களில்தான். பெட்டை பொந்தில் கிடக்கும், மற்றவை வேட்டைக்குப் போய் வயிற்றில் இறைச்சியைச் சுமந்து வந்து அதற்கும் குட்டிகளுக்கும் கக்கிக் கொடுக்கும்.

உன் வயதில் நான் ஒரு பொந்தைக் கண்டுபிடித்தேன். பாறை இடுக்கு, வாசலில் மண் தேய்ந்து வழுவழுப்பாக இருந்தது, பச்சை இறைச்சி வாடை. கூட வந்த பெரியவர் போதும் என்றார். நான் இன்னும் இருபதடி போனேன். உள்ளே மெல்லிய முனகல் கேட்டது. ஒரு படம்கூட எடுக்கவில்லை, எடுத்ததாகவே வைத்துக்கொண்டாலும் அதற்கு மதிப்பில்லை. மறுநாள் போனபோது பொந்து காலி. தாய் இரவோடு இரவாகக் குட்டிகளைக் கவ்விக்கொண்டு இடம் மாறியிருந்தது. அந்தக் குளிரில் எத்தனை குட்டி பிழைத்தது என்று எனக்குத் தெரியாது. பெரியவர் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவர் என்னோடு காட்டுக்கு வரவும் இல்லை.

ஆகவே பொந்து என்று சந்தேகம் வந்த நிமிஷமே திரும்பிவிடு. இடத்தின் பெயரை யாரிடமும் சொல்லாதே, படத்தோடும் போடாதே. காகம் கூடியதைப் பார்த்து அடிபட்ட மானை நோக்கிப் போகாதே. மனிதவாடை பட்டால் செந்நாய் இரையை விட்டு விலகிவிடும், அன்று பொந்துக்கு எதுவும் போகாது. விசில் கேட்டால் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிடு. பதிலுக்கு விசிலடித்து வரவழைக்கலாம் என்று சொல்லித்தருவார்கள். வரும், உண்மைதான். செய்யாதே, கூட்டத்தைத் தேடும் ஒரு மிருகத்தை ஏமாற்றுகிற வேலை அது.

தை பிறந்ததும் சேத்துமடைக்கு வந்துவிடு. முதல் நான்கு நாள் காமிரா பைக்குள்ளேயே இருக்கட்டும். நோட்டு, பென்சில், இரண்டு ஜோடி ரப்பர் கையுறை போதும். நம்மோடு நடக்கப்போகிறவருக்கு ஒரு நல்ல கம்பளி வாங்கிவா. போன வருஷம் அவருடையதை நான் போர்த்திக்கொண்டேன்.

அன்புடன்,
உன் அண்ணன்