மின்காருக்கு ‘ஆல்-வெதர்’ டயர் தேவையா?

கேள்வி: குன்றக்குடியிலிருந்து காரைக்குடிக்குத் தினமும் மின்காரில் போய் வருகிறேன். டயர் மாற்ற வேண்டும். ‘ஆல்-வெதர்’ டயர் போட்டால் மழையில் வழுக்காது என்கிறார்கள். போடலாமா?

பதில்: வேண்டாம். ஈரத்தில் நன்றாகப் பிடிக்கிற, உங்கள் காரின் எடையைத் தாங்குகிற சாதாரண ரோட்டு டயரே போதும்.

ஆல்-வெதர் டயரின் பக்கவாட்டில் மூன்று சிகர மலையும் அதற்குள் ஒரு பனித்துகளும் வரைந்திருக்கும். பனிச் சோதனையில் தேறியது என்று பொருள். 7 டிகிரிக்குக் கீழும் விறைக்காத மென்மையான ரப்பர், பட்டன் (சாலையைத் தொடும் ரப்பர் மேடுகள்) முழுக்க மெல்லிய கீறல்கள்: இரண்டும் குளிர்நாட்டுக்கானவை. குன்றக்குடியில் மார்கழி விடியலில்கூட அந்தக் குளிர் கிடையாது. சித்திரை வெயிலில் பிரேக் பிடித்தால் இந்த மென்மையான பட்டன்கள் நெளியும், கார் நிற்கும் தூரம் கூடும், தேய்மானமும் அதிகம். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கும் நகரத்தார் காவடிகள் குன்றக்குடியில் கூடித்தான் புறப்படுகின்றன. இருட்டிலும் ஆட்கள் சாலையோரம் நடக்கும் அந்தத் தை மாதத்தில் சாலை பெரும்பாலும் காய்ந்தே கிடக்கும். அப்போது சட்டென நிற்கிற டயர்தான் வேண்டும்.

மின்காரில் இந்தக் குறை இன்னும் பெரிது. பேட்டரியால் எடை கூடுதல். மிதித்த கணமே முழு இழுவை சக்கரத்துக்கு வந்துவிடும். பட்டன் நெளிய நெளிய சார்ஜும் வீணாகும்.

மழைக்கு என்ன செய்வது? தேங்கிய நீரில் டயர் மிதந்துவிடுவதுதான் ஆபத்து. நாசா ஆய்வாளர்கள் விமானச் சக்கரங்களை வைத்துக் கண்ட கணக்கை ஓர் உத்தேசமாகக் கொள்ளலாம்: பட்டன் ஆழத்தைவிட நீர் அதிகமாக நின்றால், 36 பிஎஸ்ஐ காற்றுள்ள டயர் மணிக்குச் சுமார் 100 கி.மீ. வேகத்தில் மிதக்கும், 25 பிஎஸ்ஐ என்றால் 83 கி.மீ.யிலேயே மிதக்கும். காற்றும் பட்டன் ஆழமும் சரியாக இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

கடையில் கவனிக்க வேண்டியவை:

• எடை எண்: டயரில் 91 என்றிருந்தால் ஒரு டயர் 615 கிலோ தாங்கும். பழைய டயரில் இருந்த எண்ணுக்குக் குறைவாக வாங்காதீர்கள்.

• ஈரப் பிடிப்பு: இரண்டு டயர்களுக்கு இடையே தடுமாறினால் முதலில் இதைப் பாருங்கள், பிறகு சார்ஜ் சிக்கனத்தை.

• தயாரிப்புத் தேதி: பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கம். 2325 என்றால் 2025-இன் 23-ஆவது வாரம்.

• இரண்டு மட்டும் மாற்றுவதானால் புதியவை பின்னால் வரட்டும். முன்சக்கரம் வழுக்கினால் ஆக்சிலேட்டரை விட்டுச் சமாளிக்கலாம். பின்சக்கரம் வழுக்கினால் கார் சுற்றிவிடும்.

காற்றைக் காலையில், வண்டி ஓடும் முன் பாருங்கள். அளவு கதவோரத்து ஸ்டிக்கரில் இருக்கும். மதிய வெயிலில் அளவு ஏறிக் காட்டும். அதற்காகக் காற்றை இறக்காதீர்கள். கோடைக்குப் பிறகு வரும் முதல் மழையில் செம்மண்ணும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து சாலை வழுக்கும். அன்று ரீஜெனை, அதாவது மோட்டாரே பிரேக் பிடித்துச் சார்ஜ் ஏற்றுவதை, குறைத்து வையுங்கள். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் மோட்டார் சுழற்றும் சக்கரத்தை அது இழுத்துப் பிடிப்பதே சறுக்கலுக்குக் காரணமாகலாம்.

பட்டனுக்கு நடுவே தெரியும் சிறு மேடு 1.6 மி.மீ. அடையாளம். அதுவரை காத்திருக்க வேண்டாம். 3 மி.மீ.க்குக் கீழே போனால் ஈரப் பிடிப்பு வேகமாகக் குறையும். ஐப்பசி மழைக்கு முன்பே மாற்றிவிடுங்கள்.