பனிக்காட்டில் ஓர் உபதேசி



தம்பி, நீ அனுப்பிய பனிச்சறுக்குக் கதையை வாசித்து முடித்தேன். குழந்தைகளுக்கு எழுதுவதன் பால பாடங்களை உனக்குச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. நரியும் முயலும் சிநேகிதர்களாக இருக்கக் கூடுமா என்றும் நான் கேட்கப்போவதில்லை, அது இவ்வகைக் கதைகளுக்கு வாசகர்கள் மனமுவந்து அளித்திருக்கும் சலுகை. ஆனால் ஐரோப்பியக் காடொன்றின் உறைபனிக் காலத்தில், இருக்கும் ஒரே சறுக்குப் பலகைக்காக நரிக்குட்டியும் முயல்குட்டியும் அணில்பிள்ளையும் முள்ளெலியும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கையில், மரப்பொந்திலிருந்து தலையை நீட்டிப் பகிர்ந்துகொள்வதன் மேன்மையைப் பற்றி ஒரு பக்கம் பிரசங்கம் செய்கிறதே, அந்தக் கிழ ஆந்தை, அதை என்னால் சகித்துக்கொள்ள முடியவில்லை.

நான் எழுத வந்த நாட்களில் ஒரு சிறுவர் பத்திரிகையின் ஆசிரியர், கதையின் அடியில் ‘நீதி’ என்று தடித்த எழுத்தில் ஒரு வரி இல்லாவிட்டால், அது எத்தனை ரசமானதாக இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார். மாலை வேளைகளில் எங்கள் தெருக் குழந்தைகளைத் திண்ணையில் கூட்டிவைத்து அந்தப் பத்திரிகையை நான் வாசித்துக் காட்டுவதுண்டு. தடித்த எழுத்து கண்ணில் பட்ட மாத்திரத்தில் அவர்களே கையை நீட்டி அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள்.

நீதி புகட்டுவதையே நோக்கமாகக் கொண்ட பஞ்சதந்திரத்தைப் பார். அதன் சுகிர்லாபம் என்னும் பகுதியில் மான் வலையில் சிக்கியதும் காகம் உயரப் பறந்து கண்டுபிடிக்கிறது. எலி தன் பற்களால் வலையை அறுக்கிறது. நண்பர்களைப் பிரிந்திருக்க மனமில்லாமல் பின்னால் ஊர்ந்து வந்த ஆமையோ, மந்த நடை காரணமாகவே வேடன் கையில் அகப்படுகிறது. சுலோகங்கள் எத்தனையோ இடையில் வந்தாலும், அந்த நட்பு நம் மனத்தில் நிற்பது சிறகினாலும் பல்லினாலும் நடையினாலுந்தான். ஒவ்வொரு பிராணியும் தன் சுபாவத்தில் உள்ளதையே கொடுக்கிறது என்ற இந்த விஷயத்தை, கேட்பவர் கேளாதவர் எல்லோரிடமும் நான் ஓயாமல் சொல்லி வருகிறேன்.

மெய்யான காட்டிலும் அப்படித்தான். அமெரிக்காவின் மெயின் மாநிலத்துப் பனிக்காடுகளில் அண்டங்காக்கைகளைப் பல குளிர்காலங்கள் ஆராய்ந்து 1989-இல் நூல் எழுதிய பெர்ன்ட் ஹைன்ரிச், இறந்த பிராணி ஒன்றைக் கண்ட இளம் பறவைகள் அதைத் தனியே தின்னாமல் கூட்டம் சேர்த்துக்கொண்டு வருவதைக் கவனித்தார். அந்த எல்லையை ஆளும் மூத்த ஜோடி தனியாக வரும் இளசைத் துரத்திவிடும். கூட்டமாக வந்தால் துரத்த முடியாது. யாருடைய போதனையும் இன்றி, பசியும் பனியுமே அவற்றைப் பங்கிடச் செய்கின்றன. இந்தப் பறவைகள் பனிச்சரிவில் சறுக்கி விளையாடுவதையும் கண்டவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

இனி, முள்ளெலி. ஐரோப்பிய முள்ளெலி நடுக்குளிர்காலத்தில் சறுக்கி விளையாடாது. சருகுக் குவியலுக்குள் உடல் வெப்பம் தாழ்ந்து, இதயத் துடிப்பு மந்தமாகி, இலையுதிர் காலத்தில் சேர்த்த கொழுப்பைக் கொண்டு உறங்கிக்கொண்டிருக்கும். அடிக்கடி விழிக்க நேர்ந்தால் அந்தக் கொழுப்பு வீணாகி, வசந்தம் வருமுன்பே அது மாண்டுபோகலாம். இதை அறிந்திருந்தால் உனக்கு எவ்வளவு பெரிய சந்தர்ப்பம் வாய்த்திருக்கும்! காட்டிலேயே மிகச் சிறந்த சரிவு அந்தச் சருகுக் குவியலின் மேலாக இறங்குகிறது என்று வைத்துக்கொள். உறங்கும் தோழனுக்காக அதை விட்டுவிட்டு, மேடும் பள்ளமுமான மறு சரிவுக்கு மற்ற மூவரும் போக வேண்டியிருக்கிறது, பலகையை ஒருபோதும் விடாத நரிக்குட்டி உட்பட.

அந்த நரிக்குட்டி! பலகையின் கயிற்றை வாயில் கவ்வியபடி, மீசையில் பனி உறையும் வரை விடாமல் நின்று, நடுங்கும் முயலைப் பார்க்க மாட்டாமல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறதே, அந்த ஒரு பத்திக்காக உன் இரு கைகளையும் பிடித்துக்கொள்ளத் தோன்றியது. அண்மையில் வந்த குழந்தைக் கதைகளில் அதற்கு ஈடாக ஒன்றை நான் வாசிக்கவில்லை. விட்டுக்கொடுக்க விரும்பியும் முடியாமல் தவிக்கும் ஒரு குழந்தையின் மனம் முழுவதும் அங்கே இருக்கிறது. அதற்கு அடுத்த வரியிலேயே ஆந்தை வாய் திறக்கிறது என்பதுதான் என் ஆற்றாமை.

ஆந்தையை எடுத்துவிடு, முள்ளெலியை உறங்க விடு. திருத்திய பிரதியைத் தை மாதத்துக்குள் எனக்கு அனுப்பி வை.