நிலமும் பொழுதும்: பனிநாட்டுக் காடு கற்பிப்பது

நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என வகுத்தார் தொல்காப்பியர். அவ்விரண்டையும் ஒருசேரப் பயிலும் இடம் ஒன்று பின்லாந்தில் உண்டு. ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தின் ஹ்யூட்டியாலா வனநிலையமே அது. 1910 முதல் வனவியல் மாணவர் அங்கே பயில்கின்றனர். 1995 முதல் கருவிகள் அவ்வூசியிலைக் காட்டின் மூச்சை இரவும் பகலும் அளந்து வருகின்றன. மரங்கள் விடும் மண ஆவி காற்றில் நுண்துகளாகி, வளர்ந்து, முகில்துளிக்கு வித்தாகும் விதத்தை விளக்க அந்நெடுங்கணக்கு துணைநின்றது.

பேசின் பிரிட்ஜில் நமக்குக் காடில்லை; ஆயினும் ஆலைகளும் அனல்மின் நிலையங்களும் சூழ்ந்த வடசென்னையின் காற்று நம் அனைவர்க்கும் பொது. மாணவச் செல்வங்களே! நும் தெருவோர வேம்பு என்று தளிர்த்தது, என்று பூத்தது, இலைமேல் எத்துணைக் கரி படிந்தது என நாள்தோறும் குறித்து வையுங்கள். பின்வருவோர் அதனைத் தொடரட்டும். பத்தாண்டுக் குறிப்பேடு நம் காற்றுக்காக வழக்குரைக்கும் சான்றாகும்.