கொல்லிமலையில் முதியோர் கல்வியும் தொழிற்பயிற்சியும்

முதியோர் கல்வி என்றவுடன் நம்மில் பலருக்கு நினைவில் எழுவது அரிக்கன் விளக்கும் கரும்பலகையும் அரிச்சுவடியுமே ஆகும். தொழிற்பயிற்சி என்றாலோ, தையல் இயந்திரமும் பயிற்சி முடிவில் வழங்கப்படும் சான்றிதழும் நினைவுக்கு வருகின்றன. இவை இரண்டும் வெவ்வேறு துறைகளின் பணி என்றும், ஒன்று முடிந்த பின்னரே மற்றொன்று தொடங்க வேண்டும் என்றும் கருதுவது வழக்கமாகிவிட்டது. பழங்குடி மக்கள் வாழும் மலைப்பகுதிகளில் இவ்வாறு பிரித்து நடத்துவதால் இரண்டுமே உரிய பயனைத் தருவதில்லை. இரண்டையும் இணைத்து நடத்துவது எப்படி என்பதைக் கொல்லிமலையை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரையில் ஆராய்வோம்.

மலையும் மக்களும்

நாமக்கல் மாவட்டத்தில், கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் ஒரு பகுதியாக அமைந்துள்ளது கொல்லிமலை. சங்க காலத்தில் வல்வில் ஓரி ஆண்ட மலை இதுவே. அடிவாரத்திலுள்ள காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால், கடல் மட்டத்திற்கு ஆயிரம் மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் வயல்களும் ஊர்களும் காணப்படுகின்றன. செம்மேடு இதன் தலைமையிடம். சோளக்காடு புகழ்பெற்ற சந்தையூர். வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு என ஊர்கள் 'நாடு' என்னும் பெயரால் பிரிக்கப்பட்டுள்ளன.

இங்கு வாழ்பவருள் பெரும்பாலோர் மலையாளி எனப்படும் பழங்குடியினர். பெயரைக் கண்டு இவர்களைக் கேரளத்தாரென எண்ணிவிடலாகாது. மலையில் வாழ்பவர் என்பதே இங்கு பொருள். தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர் என்பது இவர்களிடையே வழங்கும் மரபு. இவர்கள் பேசுவது தமிழே. எனவே, வேற்று மொழி பேசும் பழங்குடியினரிடையே பணிபுரியும் ஆசிரியர்களுக்குள்ள முதல் இடையூறு இங்கில்லை.

ஆயினும், தேவை பெரிது. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் எழுத்தறிவு பெற்றோர் நூற்றுக்கு 80 பேர். பழங்குடியினரிடையே 54 பேர் மட்டுமே. 1978-இல் தேசிய முதியோர் கல்வித் திட்டமும், 1988-இல் தேசிய எழுத்தறிவு இயக்கமும், 1990-களில் அறிவொளி இயக்கமும், 2022-இல் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டமும் அடுத்தடுத்துத் தொடங்கப்பெற்றன. திட்டங்களுக்குக் குறைவில்லை. அவற்றை மக்களின் அன்றாடத் தொழிலுடன் பொருத்துவதே நம்முன் உள்ள பணி.

உரலும் லாரியும்

கொல்லிமலை மக்களின் தொன்மையான உணவுப் பயிர்கள் சாமை, தினை, வரகு, பனிவரகு, கேழ்வரகு முதலியன. சாமையில் மட்டும் கட்டவெட்டிச் சாமை, திரிகுலச் சாமை, மல்லியச் சாமை எனப் பல வகைகளை அவர்கள் காத்து வந்துள்ளனர். எந்த நிலத்திற்கு எது ஏற்றது, எது விரைவில் விளையும் என்பன எந்தப் பள்ளியிலும் கற்றவை அல்ல. தலைமுறைகளாக வந்த அறிவாகும்.

இத்தகைய பயிர்கள் அண்மைப் பத்தாண்டுகளில் குறைந்து, அவற்றின் இடத்தை மரவள்ளி பிடித்தது ஏன்? மரவள்ளிக்கு ஜவ்வரிசி ஆலைகளில் விலையுண்டு. லாரி மலைக்கே வந்து கிழங்கை ஏற்றிச் செல்கிறது. கையில் உடனே பணம் கிடைக்கிறது. நியாய விலைக் கடையில் அரிசியும் கிடைக்கிறது. இவற்றோடு, வெளியார் எளிதில் உணராத மற்றொரு காரணமும் உண்டு. அது பெண்களின் உழைப்பு. கேழ்வரகை அப்படியே அரைத்து மாவாக்கிவிடலாம். சாமையும் தினையும் அப்படியல்ல. அவற்றின் மணியைக் கடினமான உமி இறுகப் பற்றியிருக்கும். காயவைத்து, உரலிலிட்டுக் குத்தி, புடைத்து, மீண்டும் குத்தினால்தான் அரிசி கிடைக்கும். வயலிலும் வீட்டிலும் உழைத்துக் களைத்த பெண், ஒரு வேளைச் சோற்றுக்காக மீண்டும் உலக்கையை எடுக்க வேண்டியிருந்தது. அச்சுமையைக் குறைக்க வழி கிடைத்தபோது அவர்கள் சாமையைக் கைவிட்டதில் வியப்பில்லை.

இயந்திரத்தில் தொடங்கிய பயிற்சி

1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கொல்லிமலையில் சிறுதானியங்களைக் காக்கும் பணியை மேற்கொண்டது. 'உங்கள் பழைய பயிரை விட்டுவிடாதீர்கள்' என்று அறிவுரை கூறுவதோடு அது நிற்கவில்லை. உமி நீக்கும் இயந்திரங்களும் அரைக்கும் இயந்திரங்களும் ஊர்களில் நிறுவப்பெற்றன. அவற்றை இயக்கும் பொறுப்பைச் சுய உதவிக் குழுக்கள் ஏற்றன. விதை வங்கிகள் அமைந்தன. சாமை அரிசி, தினை மாவு முதலியவற்றைத் தூய்மை செய்து, எடையிட்டு, உறையிட்டு விற்கவும் குழுவினர் பயிற்சி பெற்றனர்.

இதில் நாம் கற்க வேண்டிய பாடம் யாது? மக்கள் அறியாத புதிய தொழிலொன்று இங்கே திணிக்கப்படவில்லை. அவர்கள் நன்கறிந்த தொழிலில் எந்த இடத்தில் முட்டுப்பாடு இருந்ததோ, அந்த இடத்தில் பயிற்சி தொடங்கியது. பயிரைப் பற்றி மக்கள் ஆசிரியர். இயந்திரத்தைப் பற்றி மாணவர். ஒருவரே ஆசிரியராகவும் மாணவராகவும் அமரும் வகுப்பில் தாழ்வுணர்ச்சிக்கு இடமில்லை.

எண்ணும் எழுத்தும் எதற்கு?

இயந்திரத்தை இயக்கக் கற்றால் போதாதா, எழுத்து எதற்கு என்று சிலர் கேட்கலாம். இரு கணக்குகளைப் பார்ப்போம். இவற்றிலுள்ள தொகைகள் பாடத்திற்காக நாம் வைத்துக்கொண்டவை.

முதற் கணக்கு: ஒரு குழு, கிலோ 30 ரூபாய் வீதம் 10 கிலோ சாமையை 300 ரூபாய்க்கு வாங்குகிறது. உமி நீக்கும் கூலி 40 ரூபாய், உறைக்கு 30 ரூபாய். ஆக மொத்தச் செலவு 370 ரூபாய். உமி போகக் கிடைப்பது 6 கிலோ அரிசி எனக் கொள்வோம். 'முப்பதுக்கு வாங்கியதை ஐம்பத்தைந்துக்கு விற்கிறோமே' என்று மகிழ்ந்து விற்றால் வரவு 330 ரூபாய்தான். நாற்பது ரூபாய் நட்டம்! உமியோடு போன எடையைக் கணக்கில் சேர்த்திருந்தால், கிலோவுக்கு ஏறத்தாழ 62 ரூபாய்க்காவது விற்றாலன்றி முதலும் தேறாது என்பது விளங்கியிருக்கும். இயந்திரம் நன்றாக ஓடினாலும், கணக்கு அறியாத குழு சில மாதங்களில் கலைந்துவிடும்.

இரண்டாம் கணக்கு: மரவள்ளிக் கிழங்கிற்கு எடை மட்டுமன்றி மாவுச்சத்தும் அளந்து, 'பாயிண்ட்' கணக்கில் விலை போடுவது வழக்கம். ஒரு பாயிண்டுக்கு 250 ரூபாய் என வைத்துக்கொண்டால், 28 பாயிண்டு உள்ள ஒரு டன் கிழங்கின் விலை 7,000 ரூபாய். சீட்டில் 26 என்று எழுதப்பட்டால் 6,500 ரூபாய்தான் கிடைக்கும். ஐந்து டன்னுக்கு 2,500 ரூபாய் இழப்பு. எடைச் சீட்டைத் தாமே படிக்க வல்லவர் உடனே காரணம் கேட்பார். படிக்கவியலாதவர் பிறர் சொன்னதை நம்பி வீடு திரும்புவார்.

எழுத்தறிவு உரிமைக்கும் அரணாகும். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், சிறு வன விளைபொருள்களைச் சேகரிக்கவும் விற்கவும் வனத்தை நம்பி வாழும் பழங்குடியினருக்குள்ள உரிமையை ஏற்றுக்கொண்டுள்ளது. உரிமை கோரும் மனுக்கள் கிராம சபையின் முன் வருகின்றன. தீர்மானத்தில் எழுதியிருப்பது யாதென்று படித்தறிந்து கையொப்பமிடுவதற்கும், காட்டிய இடத்தில் பெருவிரல் ரேகை வைப்பதற்கும் உள்ள வேற்றுமை சிறிதன்று.

முதற் சொல் எது?

1963-இல் பிரேசில் நாட்டின் ஆங்கிக்கோசு என்னும் சிற்றூரில் பாவ்லோ பிரெய்ரே என்னும் கல்வியாளர் ஏறத்தாழ முந்நூறு தொழிலாளருக்குச் சில வாரங்களில் எழுத்தறிவித்தார். அகர வரிசையை மனப்பாடம் செய்விப்பது அவர் முறையன்று. மக்கள் நாள்தோறும் பேசும் சொற்களைத் திரட்டி, அச்சொல் குறிக்கும் பொருளைப் பற்றி முதலில் உரையாடி, பின்னரே அதன் எழுத்துக்களைக் கற்பித்தார்.

இம்முறை கொல்லிமலைக்கும் பொருந்தும். 'சாமை', 'உரல்', 'எடை', 'விலை', 'மிளகு' என்னும் சொற்களிலிருந்து நாம் பாடத்தைத் தொடங்கலாம். 'எடை' என்னும் சொல்லை எழுதும் நாளிலேயே தராசையும் நடுவில் வைக்கலாம். 'விலை' பாடத்தன்று சோளக்காட்டுச் சந்தையின் அவ்வார விலைகளைக் கரும்பலகையில் எழுதலாம். அன்று கற்றது மறுநாளே பயன்பட்டால், மறுநாள் மாலை அழைப்பின்றியே மக்கள் வகுப்பிற்கு வருவர்.

பயிற்சி நிலைக்க வேண்டுமாயின்

கொல்லிமலையிலேயே பழங்குடியினருக்கான அரசுத் தொழிற்பயிற்சி நிலையம் ஒன்று உள்ளது. பள்ளியில் பயின்ற இளைஞருக்கு அது நல்ல வாயில். ஆயினும், எட்டாம் வகுப்போ பத்தாம் வகுப்போ முடித்திராத நாற்பது வயதுத் தாய் அவ்வாயிலில் நுழைய முடியாது. அவருக்கு உரிய பயிற்சிக்கூடம் அவர் ஊரின் ஆலைக்கொட்டகையே. அத்தகைய பயிற்சியை நடத்தும் ஊழியர்கள் பின்வருவனவற்றை நினைவில் கொள்ளுதல் நலம்.

முதலாவது, காலம். விதைப்பு, அறுவடைக் காலங்களில் வகுப்பு நடவாது. அக்காலங்களை ஊராரிடம் கேட்டறிந்தே நாட்களைக் குறிக்க வேண்டும்.

இரண்டாவது, பழுது. இயந்திரத்தை ஓட்டுவதைப் போலவே, அதன் பழுதை நீக்கவும் ஊரிலேயே இருவராவது கற்றிருத்தல் வேண்டும். ஒரு சிறு உறுப்புத் தேய்ந்ததும் மலையிறங்கி ஆள் தேடும் நிலை வந்தால், பெண்கள் மீண்டும் உலக்கையைத்தான் தேடுவர்.

மூன்றாவது, சந்தை. வாங்குவோர் யாரென அறியாமல் பொருள் செய்யப் பழக்குவது, கரை காணாத ஓடத்தில் ஏற்றுவதாகும். உலக நாடுகள் 2023-ஐச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியதன் பின்னர் நகரங்களில் சாமைக்கும் தினைக்கும் மதிப்புக் கூடியுள்ளது. அம்மதிப்பு மலைமேல் விளைவிப்பவரைச் சேர வேண்டும்.

நான்காவது, கணக்கேடு. குழுவின் ஏட்டை வெளியார் எழுதித் தருவது எளிது. உறுப்பினர் ஒருவர் தவறுகளுடன் எழுதிப் பழகுவது கடினம். எனினும் கடினமான வழியே சிறந்தது. ஏடு யார் கையில் உள்ளதோ, குழுவும் அவர் கையில்தான்.

முடிவாக, பழங்குடி மக்கள் ஒன்றும் அறியாதவர் என்னும் எண்ணத்துடன் மலையேறும் ஊழியர் கற்பிக்க வல்லவர் அல்லர். அவர்கள் பயிரை அறிவர், மண்ணை அறிவர், மழையை அறிவர். அந்த அறிவின் பயனைப் பிறர் கொண்டு போகாமல் காக்கும் எண்ணையும் எழுத்தையும் கருவியையும் அவர்களிடம் சேர்ப்பதே நமது கடமையாகும்.

கலந்துரையாடலுக்கு

1. உங்கள் வட்டாரத்தில் மக்கள் நன்கறிந்த தொழில் எது? அதில் முட்டுப்பாடு எங்கே உள்ளது?

2. அத்தொழிலில் நாள்தோறும் வழங்கும் பத்துச் சொற்களைத் திரட்டுக. அவற்றுள் முதற் பாடத்திற்கு ஏற்றது எது?

3. உங்கள் ஊர்க் குழுவின் கணக்கேட்டை எழுதுபவர் யார்? உறுப்பினர் அனைவரும் அதனைப் படித்தறிய இயலுமா?