காப்பகத்துப் பூனைக்குட்டி வீட்டுக்கு வருகிறதா?

1. முதல் சில நாள் ஒரே ஒரு சின்ன அறையில் விடுங்கள். வீடு முழுக்கத் திறந்துவிட்டால் மிரண்டு பீரோவுக்கு அடியில் ஒடுங்கிக்கொள்ளும்.

2. பசும்பால் வேண்டாம். பாசத்தில் கை அதற்குத்தான் போகும். ஆனால் செரிக்காமல் பேதியாகும், சின்ன உடம்பு தாங்காது. கண் திறக்காத குட்டியானால், பூனைக்குட்டிகளுக்கான பால்பவுடரைக் கரைத்து, குப்புற வைத்தே புகட்டுங்கள். மல்லாத்தினால் பால் நுரையீரலுக்குள் போய்விடும். பாதம் சில்லென்று இருந்தால் முதலில் துணியில் சுற்றிச் சூடேற்றுங்கள். குளிர்ந்த உடம்புக்குப் பால் செரிக்காது.

3. மணல் தட்டைச் சாப்பாட்டுக் கிண்ணத்திலிருந்து தள்ளி வையுங்கள். சாப்பிடும் இடத்தருகே மலஜலம் கழிக்கப் பூனைக்குப் பிடிக்காது.

4. தடுப்பூசிச் சீட்டைக் காப்பகத்திலேயே கேட்டு வாங்குங்கள். எந்த ஊசி பாக்கி என்று டாக்டருக்குத் தெரிய வேண்டும்.

5. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் கொடுக்கவே கொடுக்காதீர்கள். பூனைக்கு அது விஷம்.