ரோமாபுரியின் கொர்னேலியா அம்மையார்

சரித்திரப் பாடத்தில் ரோமாபுரியின் தளபதிகளை நாம் மனப்பாடம் செய்கிறோம். அவர்கள் வீட்டுப் பெண்மணிகளை எண்ணிப் பார்ப்பதில்லை. கி.மு. 202-இல் ஸாமா போரில் ஹானிபாலை வென்று 'ஆப்பிரிக்கானஸ்' என்னும் பட்டம் பெற்ற ஸிப்பியோவின் குடும்பப் பெண்களைப் பற்றி இங்கே காண்போம்.

அக்கால ரோமானியப் பெண்களுக்குக் குலப் பெயரே பெயராக இருந்தது. ஸிப்பியோவின் குலம் கொர்னேலியஸ். ஆகவே அவருடைய புதல்வியர் இருவருமே கொர்னேலியா! மூத்தவள், இளையவள் என்றுதான் பிரித்தறிந்தனர். பெண்களுக்கு வாக்குரிமையும் இல்லை.

தாய் எமிலியா, விழாக்களுக்குச் செல்லும்போது அலங்கார வண்டியும் பொன், வெள்ளிப் பாத்திரங்களும் பணியாட்களும் புடைசூழச் செல்வாராம். இளைய கொர்னேலியாவின் செல்வமோ வேறு. 12 மக்களைப் பெற்ற அவருக்கு மூவரே நிலைத்தனர். கணவர் இறந்தபின் எகிப்து மன்னர் தாலமி மணக்க விரும்பியும் மறுத்து, பிள்ளைகளின் கல்வியிலேயே கருத்தூன்றினார். ஒரு சீமாட்டி தன் நகைகளைக் காட்டியபோது, பள்ளியிலிருந்து பிள்ளைகள் திரும்பும்வரை காத்திருந்து, அவர்களே தம் அணிகலன்கள் என்று காட்டினாராம்.

மைந்தர்கள் டைபீரியஸ், காயஸ் இருவரும் ஏழைக் குடியானவர்களுக்கு நிலம் கிடைக்கப் பாடுபட்டு, முறையே கி.மு. 133-இலும் 121-இலும் உயிரிழந்தனர். அண்ணனை எதிர்த்தவரைத் தண்டிக்கக் காயஸ் கொண்டுவந்த சட்டத்தைத் தாயின் வேண்டுகோளுக்கிணங்கிக் கைவிட்டதும் உண்டு. மகள் செம்ப்ரோனியாவும் மனத்திடம் மிக்கவர். டைபீரியசின் மகன் என்று பொய் சொல்லி வந்த ஒருவனை ஏற்கும்படி மக்கள் கூட்டம் ஆரவாரித்தபோதும் அவர் மறுத்து நின்றார்.

கொர்னேலியா மிசேனம் கடற்கரையில் இறுதிக்காலத்தைக் கழித்தார். மாண்ட மைந்தர்களைப் பற்றி, பழங்கால வீரர்களைப் பற்றிப் பேசுவதுபோல் கண்ணீரின்றிப் பேசுவார். மூப்பினால் உணர்ச்சி மங்கியதோ என்று சிலர் ஐயுற்றனர். அது நல்ல கல்வி தந்த திடம் என்று புளூடார்க் விடை கூறுகிறார்.

ரோமாபுரி அவருக்கு வெண்கலச் சிலை வைத்தது. 1878-இல் கண்டெடுக்கப்பட்ட அதன் பீடம், ஆப்பிரிக்கானசின் மகள் என்றும் கிராக்கஸ் சகோதரர்களுக்கு உரியவர் என்றுமே அவரைக் குறிக்கிறது. ஆனால் அம்மைந்தர்களின் நாவன்மைக்குத் தாயின் மொழியே அடிப்படை என்று சிசரோ எழுதியுள்ளார்.

தோழியரே! நமக்குத் தனிப் பெயர் உண்டு, பள்ளி உண்டு, நாளை வாக்குரிமையும் உண்டு. இவை ஏதுமின்றியே ஓர் அன்னை இத்தனை உயர்ந்தார் என்றால், எல்லாம் பெற்ற நாம் எவ்வளவு உயர வேண்டும்!